தாய்மாமன் சீரில் வந்த லினக்ஸ்

இந்தத் தொடர் ஆரம்பித்துச் சில வாரங்கள் ஓடிவிட்டன. இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த வாரம் கேட்டுவிடுகிறேன். உத்தமபாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. அடுத்தவர் எழுதியதைப் பிரதி எடுத்துக் கொடுத்தே பழகிய கை, சொந்தமாக எழுதும்போது கூசுகிறது. அதிலும் இந்த வாரம் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதப்போகிறேன். விஷயம் தெரிந்தவர்கள் படித்தால் சிரிப்பார்கள். தெரியாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். இரு தரப்பும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோம்பையில் ஒரு மண்டபம். மேடை நடுவில் போட்ட நாற்காலியில் நான். கழுத்தில் இடுப்பு வரை தொங்கும் ரோஜா மாலை. மடியில் என் தங்கச்சி சாந்தியின் மகள் நிவேதா. மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம், வாய் முழுக்க அலறல். வலப்பக்கம் காது குத்த வந்த ஆசாரி, கையில் ஊசியோடு. இடப்பக்கம் ஒரு மேசை. அதன் மேல் தாய்மாமன் சீராக நான் கொண்டுவந்த கம்ப்யூட்டர். அதன் திரை கன்னங்கரேலென்று இருக்கிறது.

எதிரே மண்டபம் நிறைய ஜனம். அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.

மூன்று பேருக்கு மேல் பார்த்தால் எனக்குக் காது சூடாகிவிடும். அன்று காதுகுத்து யாருக்கு என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஊர்கூடிப் பண்ணியது

அந்தத் திரை ஏன் கருப்பாக இருந்தது என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்போது எல்லோர் கழுத்திலும் பென்டிரைவ் தொங்கிய காலம். என் கடைக்கு வருகிறவர்கள் அதைச் சொருகி, பிரிண்ட் எடுத்து, கூடவே கொண்டுவந்த வைரஸை என் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டுப் போவார்கள். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் இருக்கும். அதையும் திறந்தால் இன்னொன்று. மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவதே எனக்குப் பிழைப்பாகிவிட்டது.

தேனியில் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் விற்கும் நண்பர் ஒருவர்தான் வழி சொன்னார்.

“அண்ணே, ஒரு தடவ லினக்ஸ் போட்டுப் பாருங்க. இந்த வைரஸெல்லாம் உங்க கடப்பக்கமே தலவெச்சுப் படுக்காது.”

“அது எந்தக் கம்பெனி?”

“கம்பெனியே கெடையாதுண்ணே. ஊர்கூடிப் பண்ணுறது. யாரு வேணும்னாலும் எடுத்துக்கிறலாம், பிரிச்சுப் பாக்கலாம், மாத்திக்கிறலாம்.”

“அப்ப ரிப்பேர் ஆனா யாரக் கேக்குறது?”

“ஊரத்தான் கேக்கணும்.”

கண்மாய் மராமத்து மாதிரி என்று புரிந்துகொண்டேன். இன்று வரை அதற்கு மேல் புரியவில்லை. தேவையும் படவில்லை.

போட்டதும் வைரஸ் வருவது நின்றது. வாடிக்கையாளர்கள் வருவதும் கொஞ்சம் நின்றது. எல்லோருக்கும் திரையின் கீழ் மூலையில் பட்டனைத் தேடியே பழக்கம். என் லினக்ஸில் அது மேலே இருந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மனு டைப் அடிக்க வந்து, நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏம்ப்பா, டிவியத் தலகீழா வெச்சிட்டியா? கீழ கெடக்க வேண்டியதெல்லாம் ஒனக்கு மேல கெடக்கு.”

“இல்லங்கய்யா, இது இப்பிடித்தான்.”

“கழுத்து வலிக்குமேப்பா” என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

என் பிரிண்டருக்கும் லினக்ஸுக்கும் ஆரம்பத்தில் பேச்சுவார்த்தையே இல்லை. ஒரு சனிக்கிழமை காலை தானாகப் பேச ஆரம்பித்துவிட்டன. நான் ஒன்றும் செய்யவில்லை. முந்தின நாள் என் சம்சாரம் தனம் கடைக்குச் சாம்பிராணி போட்டபோது, பிரிண்டருக்குப் பின்பக்கமும் காட்டியிருக்கிறாள். அதுதான் காரணம் என்று அவள் இன்றும் சொல்கிறாள். என்னிடம் வேறு விளக்கம் இல்லாததால் நானும் ஒத்துக்கொண்டேன்.

கூச்சக்காரனுக்கு ஏற்றது

“எல்லாரும் வெச்சிருக்கிறத வெச்சுக்கிறாம, இதக் கட்டிக்கிட்டு ஏன் அழுகுறீக?” என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இலவசம் என்பதற்காக என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்வார்கள். நானும் மறுத்ததில்லை. உண்மைக் காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கம்.

உண்மைக் காரணம் இது. லினக்ஸில் கருப்பாக ஒரு சன்னல் உண்டு. அதில் கட்டளையை டைப் அடித்து என்டர் தட்டினால் சொன்ன வேலையைச் செய்துவிட்டு, பேசாமல் அடுத்த வரியில் போய் நிற்கும். ‘முடித்துவிட்டேன்’ என்று பீற்றிக்கொள்ளாது. தப்பு நடந்தால் மட்டும் வாயைத் திறக்கும். அதுவும் ஒரு வரிதான். இப்படி ஒரு ஆள் எனக்கு அதுவரை வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

அந்தச் சன்னலில் பாஸ்வேர்டு அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. விழுகிறதா இல்லையா என்றே தெரியாமல் குருட்டாம்போக்கில் அடித்துக்கொண்டு போக வேண்டும். அதைப் பார்த்த தனம், “அப்பிடியே உங்க கூடப் பேசுற மாதிரியே இருக்கு” என்றாள்.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு. திடீரென்று கரண்ட் போய் அணைந்தாலோ, நிறையத் தடவை போட்டு அணைத்துவிட்டாலோ, அடுத்த முறை போடும்போது நேரே வேலைக்கு வராது. முதலில் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும். ஒரு எண் ஒன்றிலிருந்து நூறு வரை மெல்ல ஏறும். நூறு ஆன பிறகுதான் படம் வரும். நடுவில் அணைந்தால் மறுபடி முதலிலிருந்து. கடையில் அப்படி வந்தால் நான் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜில்லென்று இல்லாத பிரிட்ஜ்

சாந்தியைக் கட்டிக்கொடுத்தது கோம்பையில். மாப்பிள்ளைக்குத் தேங்காய் வியாபாரம், வாய் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மா பொன்னுத்தாயி அத்தை பேசுவார்.

அந்த வீட்டு மூத்த மருமகளுக்கு, அவள் பிள்ளையின் காதுகுத்துக்கு, அவளுடைய அண்ணன் ஒரு பிரிட்ஜ் கொண்டுவந்து வைத்தார். பெரிய பிரிட்ஜ். மேளதாளத்தோடு வந்தது. விசேஷம் முடிந்து வீட்டில் வைத்துச் சொருகினால் உள்ளே லைட் மட்டும் எரிந்தது. மாற்றித் தருகிறேன் என்று சொல்லிப் போன அண்ணன் திருப்பூர்ப் பக்கம் போனவர்தான். அன்றிலிருந்து அத்தை அதில் வடகமும் மோர்மிளகாயும் போட்டு வைத்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும், “வாங்க, எங்க மூத்தவ அண்ணன் குடுத்த பீரோவப் பாருங்க. உள்ள லைட்டெல்லாம் எரியும்” என்று கூட்டிப்போய்க் காட்டுவார். அந்த மருமகள் அடுப்படியிலிருந்து வெளியே வரமாட்டாள்.

அதற்குப் பிறகு அத்தை ஒரு சட்டம் போட்டார். இந்த வீட்டுக்கு எந்தச் சீர் வந்தாலும் சபையில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

சாந்தி ஆசைப்பட்டது கம்ப்யூட்டர். கல்யாணத்துக்கு முன் என் கடையில் உட்கார்ந்து டைப் அடித்தவள் அவள். வீட்டிலிருந்தபடியே பத்திரிகை, நோட்டீஸ் அடித்துத் தரலாம் என்று கணக்கு. அத்தையும் சரி என்று சொல்லிவிட்டார், ஓடினால். காதுகுத்துக்கு முந்தின வாரம் சாந்தி போன் பண்ணினாள்.

“அண்ணே, அது சபையில ஓடணும்ணே. ஓடலன்னு வைய்யி, இவுக மூத்தவள விட்டுட்டு என்னையப் பிடிச்சுக்கிருவாக. ஆயுசுக்கும் கேக்கணும்.”

“ஓடும்த்தா.”

“சத்தியமா ஓடுமா?”

“ஓடும்த்தா, நாந்தான போட்டேன்.”

“அதாம்ணே பயமா இருக்கு.”

பார்ட்ஸ் வாங்கி நானே பூட்டிய கம்ப்யூட்டர். அவள் கேட்ட கேள்வியில் எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அந்த வாரம் முழுக்க, காலையில் எழுந்தவுடன் போட்டுப் பார்ப்பேன். அணைப்பேன். பல் துலக்கிவிட்டு வந்து போட்டுப் பார்ப்பேன். சாப்பிடும் முன், சாப்பிட்ட பின். ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக வந்தது. இப்படி நிறையத் தடவை போட்டு அணைத்தால் அதற்கு என்ன செய்யத் தோன்றும் என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

தட்டுக் கணக்கு

சீர்த்தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வண்டி வாசலில் நிற்க, தனம் தட்டுகளை எண்ணினாள்.

“ரெட்டப்படையில வருது. ஒரு தட்ட எடுங்க.”

“வாழப்பழத்துல ஒண்ண எடுத்துரு.”

“பழத்தக் கொறச்சா அத்த அங்கன வெச்சு எண்ணும். இந்தக் கம்ப்யூட்டர்ல ஒண்ண எடுங்க. எது ஒண்ணுக்கும் ஆகாதது?”

“எல்லாமே வேணும்டி.”

“டிவிப்பொட்டி வேணும், தெரியுது. பாட்டுப்பொட்டி வேணும். எலி வேணும். இதென்ன, செங்கல்லு மாதிரி?”

“யுபிஎஸ். கரண்டு போனா மெசினு அணையாம இருக்க.”

“மண்டபத்துல ஜெனரேட்டர் இருக்குல்ல? பெறகு என்னாத்துக்கு இது?”

அதற்குள் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். யுபிஎஸ் திண்டோடு சாய்ந்து வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டது. சிபியு இருந்த தட்டிலேயே அதையும் தூக்கி வைத்திருக்கலாம். இது எனக்கு இரண்டு வருஷம் கழித்து, குளிக்கும்போது தோன்றியது.

எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் சீருக்கு ராசி கொஞ்சம் குறைவுதான். என் காதுகுத்துக்கு என் மாமா கொண்டுவந்த கிடாய், மேளச் சத்தத்தில் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாம். மாமா அதன் பின்னால் ஓடினாராம். அந்த நேரத்தில் நான் யார் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டேன் என்பதில் இன்று வரை குடும்பத்தில் ஒத்த கருத்து இல்லை. மூன்று பேர் தங்கள் மடிதான் என்கிறார்கள். கிடாயைப் பிடித்தார்களா என்று கேட்டால் மட்டும் எல்லோரும் பேச்சை மாற்றுகிறார்கள்.

மண்டப வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். சிபியு முகப்பில் லினக்ஸின் பெங்குவின் படத்தை ஒட்டியிருந்தேன். ஆரத்தித் தட்டோடு வந்த பெண் எனக்குப் பொட்டு வைத்து, தனத்துக்குப் பொட்டு வைத்து, பெங்குவினுக்கும் நெற்றி தேடிப் பொட்டு வைத்தாள்.

“என்னாக்கா பறவ இது?” என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள்.

“வான்கோழியா இருக்கும்” என்றாள் அவள்.

வாடிவாசல்

சீரை மேடையில் அடுக்கினார்கள். மைக் பிடித்தவர் தவசி. மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். தை மாசம் வந்தால் ஜல்லிக்கட்டில் அறிவிப்புச் சொல்லப் போய்விடுவார். அந்தக் குரல் எந்த விசேஷத்துக்கு வந்தாலும் அவரிடமிருந்து கழலாது.

“தாய்மாமன் சீரு! மிக்ஸி ஒண்ணு! ஓடுது பாருங்க, ஓடுது பாருங்க!”

மிக்ஸி வெறும் ஜாரோடு மேடையில் ஓடியது. சபை கேட்டுக்கொண்டது. ஃபேன் சுற்றியது. முன்வரிசையில் அத்தை தலையாட்டினார். நான் ஏற்கெனவே நாற்காலியில் மாலையோடு உட்கார்த்தப்பட்டிருந்தேன். மடியில் பிள்ளை. ஆசாரியைப் பார்த்த நொடியிலிருந்து அவள் அழுதுகொண்டிருந்தாள். காது குத்தி முடியும் வரை தாய்மாமன் எழுந்திருக்கக் கூடாது.

“அடுத்ததா, கம்ப்யூட்டரு!”

தவசிதான் பட்டனை அமுக்கினார். வயரைத் தொட்டுப் பழகிய ஆள் அங்கே அவர் ஒருவர்தான். படம் வந்தது. செவ்விளநீர் நிறத்தில் திரை விரிந்தது. ஸ்பீக்கரில் உறுமி தட்டுவது போல ஒரு சத்தம். கூட்டத்தில் “ஓ” என்றார்கள். மேடையோரம் நின்ற சாந்தியின் முகத்தில் சிரிப்பு தொடங்கியது.

கரண்ட் போனது.

இருட்டில் யாரோ விசிலடித்தார்கள். வெளியே ஜெனரேட்டர் இருமி இருமி எழுந்தது. விளக்கு வந்தது. தவசி மறுபடி பட்டனை அமுக்கினார். கருப்பு வந்தது. அதில் வெள்ளை எழுத்து.

அத்தை எழுந்து மேடைக்கே வந்துவிட்டார்.

“என்ன தம்பி, நல்ல காரியத்துல கருப்பாக் காட்டுது?”

“சோதிச்சுக்கிட்டு இருக்குத்த.”

“யாரச் சோதிக்குது?”

“தன்னையத்தான்.”

“தன்னையச் சோதிக்கச் சபையா கெடச்சது அதுக்கு?”

மஞ்சள் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, திரையின் நாலு மூலைக்கும் மஞ்சள் வைத்தார். கருப்பு மாறவில்லை. சாந்தியின் முகம் சுண்டிவிட்டது. அடுப்படிப் பக்கத்திலிருந்து மூத்த மருமகள் எட்டிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அத்தனை நிம்மதியாக நின்று நான் பார்த்ததில்லை.

ஆசாரி தொண்டையைச் செருமினார். “ஆத்தா, நல்ல நேரம் முடியப் போகுது. எனக்குத் தேவாரம் ஊருல வேற இன்னொரு காது இருக்கு.”

“இந்தக் கருப்புக்கு முன்னால எம்பேத்தி மேல ஊசி படக்கூடாது. இது வெளிச்சம் காட்டட்டும், பெறகு குத்துங்க. காட்டலையா, அந்த மெசின வந்த வண்டியிலேயே ஏத்தி விட்டுருவோம்.”

சாந்தி என்னைப் பார்த்தாள். நான் எழ முடியாது. பிள்ளை என் மாலையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு அழுகிறாள். தவசியைக் கண்ணால் கூப்பிட்டேன். குனிந்தார். அவர் காதோடு, “தவசி, அது நூறு வரைக்கும் எண்ணும். எண்ணி முடிச்சா வந்துரும். யாரும் தொட்டுறாம மட்டும் பாத்துக்கங்க” என்று கிசுகிசுத்தேன்.

அவர் தன் பழக்கப்படி மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்திருந்தார். நான் கிசுகிசுத்தது மண்டபம், சமையல்கட்டு, தெருமுனைக் குழாய் ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் கேட்டது. என் வாழ்க்கையில் நான் மைக்கில் பேசியது அந்த ஒரு தடவைதான்.

தவசிக்கு அது போதும்.

“கேட்டுக்கங்க சபையோரே! நூறு வரைக்கும் எண்ணுமாம்! இப்ப எட்டு! வாடிவாசல விட்டு வெளிய வந்துருச்சு! ஒம்பது! யாரும் குறுக்க போகாதீக, மாட்டத் தொடாதீக! பதிமூணு!”

கூட்டம் நாற்காலியோடு முன்னால் நகர்ந்தது.

“இருவது! நிக்கிது! நின்னு பாக்குது! மெரட்டுது! இருவத்தொண்ணு! வந்துருச்சுய்யா! முப்பது! திமில்ல கை பட்டிருச்சு, விடாதே, விடாதே!”

பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் கையைக் கழுவாமல் எழுந்து வந்தார்கள். எண் கொஞ்சம் நின்றால் எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். நகர்ந்தால் கைதட்டினார்கள். என் மடியில் ஏதோ மாற்றம் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். நிவேதா அழுகையை நிறுத்தியிருந்தாள். வாயில் ரோஜா இதழோடு, ஓடுகிற எண்ணையே விரல் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் ஆசாரியைப் பார்த்தேன். இரண்டு பேரும் அத்தையைப் பார்த்தோம். அத்தையின் கண் திரையில் இருந்தது.

“அம்பத்தாறு!” என்றார் தவசி.

ஆசாரியின் கை ஒரு தடவை முன்னால் போய் வந்தது. பிள்ளை “ம்” என்று ஒரு சத்தம் போட்டு, ஈயை விரட்டுவது போலத் தலையை ஆட்டினாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“ஒரு காது முடிஞ்சது” என்றார் ஆசாரி, உதட்டை அசைக்காமல். “வாயத் தொறக்காதீக.”

வாயைத் திறக்காமல் இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

எண்பது தாண்டியதும் கூட்டம் சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. அப்போது கரண்ட் வந்துவிட்டது. ஜெனரேட்டர்காரர் கடமை தவறாமல் லைனை மாற்றினார். விளக்கு ஒரு தடவை சிமிட்டியது. கம்ப்யூட்டர் அணைந்துபோனது.

மண்டபமே “அய்யய்யோ” என்றது. அதில் பெரிய குரல் அத்தையுடையது.

“ஏலே ஜெனரேட்டருக்காரா! எம்பத்தெட்டுல இருந்துச்சுலே! எம்பத்தெட்டுல கொண்டாந்து கெடுத்துட்டியேலே!”

“கரண்டு வந்துருச்சு ஆத்தா, அதான்...”

“வந்தா வரட்டும்! நூறு ஆகுற வரைக்கும் எவனாச்சும் சுவிட்சுப் பக்கம் போனீக, வெரல ஒடிச்சுப்புடுவேன். தவசி, மறுபடி விடு!”

தவசி மறுபடி விட்டார். ஒன்றிலிருந்து. இந்தத் தடவை அத்தை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு திரைக்குப் பக்கத்திலேயே நின்றார். கருப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. முப்பதில் எண் நின்றபோது, “போ சாமி, போ” என்று மேசையைத் தட்டினார். நிவேதா கைதட்டிச் சிரித்தாள். ஆசாரி சத்தமில்லாமல் என் நாற்காலிக்குப் பின்பக்கமாகச் சுற்றி அந்தப் பக்கம் வந்தார். எழுபதுக்குப் பக்கத்தில் அடுத்த காது முடிந்தது. இந்தத் தடவை “ம்” கூட இல்லை.

நூறு.

தவசி மைக்கைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். வெளியே யாரோ சீருக்கு வைத்திருந்த வெடியைக் கொளுத்திவிட்டார்கள். செவ்விளநீர் நிறம் விரிந்தது. உறுமிச் சத்தம் வந்தது. சாந்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தீர்ப்பு

அத்தை வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

“இப்பக் குத்துங்க ஆசாரி.”

ஆசாரி ஊசியைப் பையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“குத்தி முடிச்சாச்சு ஆத்தா.”

அத்தை பிள்ளையின் ஒரு காதைப் பார்த்தார். சுற்றி வந்து மறு காதைப் பார்த்தார். இரண்டிலும் தங்கம் மின்னியது.

“எப்பக் குத்துனீக?”

“மொதக் காது அம்பத்தாறுல. ரெண்டாவது எழுவதுல.”

“கருப்புல குத்திட்டீக.”

“நல்ல நேரத்துல குத்திட்டேன் ஆத்தா.”

அத்தை என் பக்கம் திரும்பினார். “நீங்க பாத்துக்கிட்டா இருந்தீக?”

நான் தலையைத்தான் ஆட்டினேன். சாந்தி மேடைப் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றாள். வண்டிக்காரர் சாவியைக் கையில் எடுத்துவிட்டதைப் பார்த்தேன். அதற்குள் நிவேதா மடியிலிருந்து சறுக்கி இறங்கி, மேசையருகே போய், திரையைத் தட்டினாள். எண் போய்விட்ட கோபம். “இன்னும்” என்றாள்.

அத்தை அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு தவசியிடமிருந்து மைக்கை வாங்கினார்.

“எம்மக்க நாலு பேரு, பேரம்பேத்தி அஞ்சு. எல்லாரும் காது குத்துறப்ப ஊரக் கூட்டுனதுகதான். அழுகாமக் குத்திக்கிட்டது இவ ஒருத்திதான். இந்தச் சீரு இங்கனயே இருக்கட்டும். வண்டியப் போகச் சொல்லுங்க.”

கைதட்டல் அடங்கியதும் எல்லோரும் பந்திக்கு ஓடினார்கள். கம்ப்யூட்டர் மேடையில் தனியாக, அழகாக எரிந்துகொண்டிருந்தது. நூறு ஆன பிறகு அதை ஒரு ஆள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கும் அதுதான் பிடித்திருக்கும்.

சாந்தி என் இலைக்குத் தானே வந்து பாயசம் ஊற்றினாள். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, இலையை விட்டு வழிந்து என் பட்டு வேட்டிக்கு வரும் வரை ஊற்றினாள்.

“ஓடிருச்சுண்ணே” என்றாள். கண் கலங்கியிருந்தது.

“ஓடும்னு சொன்னேன்ல.”

“போண்ணே. ஒம்மூஞ்சியப் பாத்தேன்ல நானு.”

அவள் போன பிறகு மூத்த மருமகள் மோர் கொண்டுவந்தாள். என்னோடு அவள் அதுவரை பேசியதில்லை. இலைக்குப் பக்கத்தில் டம்ளரை வைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அண்ணே, இந்த நூறு எண்ணுறது பிரிட்ஜுக்கும் போட முடியுமா?”

முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்து பார்க்கிறேன் என்றேன். பிறகு ஒரு நாள் ஆள் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கேஸ் ஏற்றாமலேயே விட்டிருக்கிறார்கள். ஏற்றியதும் ஜில்லென்று ஆகிவிட்டது. வடகத்தை வேறு எங்கே வைப்பது என்று அத்தைக்கு ரொம்ப வருத்தம்.

காதுகுத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை. கடையைத் திறந்தேன். ஆசாரி வந்து, நூறு வரை எண்ணுகிற அந்தக் கருப்புப் படம் ஒன்று வேண்டும் என்றார். லினக்ஸ் சிடி ஒன்றைக் கொடுத்தேன். ஊசிப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார். அவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது.